மெழுகு உருகுதா, எரியுதா?

கேள்வி: அஞ்சாம் கிளாஸ் படிக்கிற என் பொண்ணு, மெழுகுவர்த்தி எரியுறது இயற்பியல் மாற்றமா வேதியியல் மாற்றமான்னு கேட்டா. உருகுதுல்ல, அப்ப இயற்பியல் தான்னு சொல்லிட்டேன். மறுநாள் வந்து தப்புங்குறா. எது சரிங்க?

பதில்: உங்களுக்குப் பாதி மார்க் போடலாம்! ரெண்டுமே நடக்குதுங்க. கீழ வழியுற மெழுகு ஆறுனா திரும்பக் கெட்டியாயிடும், அதே மெழுகு தான், அது இயற்பியல் மாற்றம். ஆனா மெழுகுவர்த்தி குட்டையாகிட்டே போகுதே, அந்த மெழுகெல்லாம் எங்க போச்சு? உருகுனது திரி வழியா மேல ஏறி, சூட்டுல ஆவியாகி, ஆக்சிஜனோட சேந்து எரிஞ்சு கார்பன் டை ஆக்சைடும் நீராவியுமா மாறிடுது, இனி அது மெழுகே கிடையாது. சந்தேகமா இருந்தா ஜில்லுனு ஒரு கண்ணாடி டம்ளரை சுடருக்குக் கொஞ்சம் மேல ஒரு நொடி கவுத்துப் பிடிங்க (நீங்க பிடிங்க, பொண்ணுகிட்ட குடுக்காதீங்க), உள்பக்கம் பனி படிஞ்ச மாதிரி ஆகும். எரிஞ்சதுல உண்டான தண்ணி தான் அது!

அப்புறம், "திரும்பக் கொண்டுவர முடிஞ்சா இயற்பியல், முடியலன்னா வேதியியல்"னு மனப்பாடம் பண்ண வைக்கிறாங்களே, அது எனக்குப் பிடிக்காத ரூல். கிழிச்ச பேப்பரை பழையபடி ஒட்ட முடியுமா? ஆனா அது இயற்பியல் மாற்றம் தான், பேப்பர் பேப்பராவே இருக்கு. புதுப் பொருள் உண்டாச்சான்னு மட்டும் கேக்கச் சொல்லுங்க.

விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860 டிசம்பர் கடைசில ஆரம்பிச்சு 1861 ஜனவரி வரைக்கும் லண்டன்ல பசங்களுக்கு இந்த மெழுகுவர்த்தியை வச்சே ஆறு லெக்சர் எடுத்திருக்காரு, அவ்ளோ விஷயம் இருக்கு இதுல.