பத்து நாளில் பேன் திரும்புவது ஏன்?

கேள்வி: என் 7 வயது மகளுக்குத் தலையில் பேன். கண்டிஷனர் கலந்த ஷாம்பு போட்டு நன்றாக அலசிவிட்டு, பெர்மெத்ரின் 1% லோஷன் தடவினேன். பேன் போய்விட்டது என்று நினைத்தேன். பத்தாம் நாள் பார்த்தால் மறுபடியும் குட்டிக் குட்டியாக ஓடுகின்றன. மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார் மாமியார். மொட்டை அடித்துவிடலாமா?

பதில்: மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம் அம்மா. தோலைப் புண்ணாக்கும், தீப்பொறி பட்டால் தலையோடு பற்றிக்கொள்ளும். கற்பூரம் கரைத்த எண்ணெயும் ஆகாது, சிறு பிள்ளைகளுக்கு அது வலிப்பை வரவழைக்கும். மொட்டைக்கும் அவசியமில்லை.

'குட்டிக் குட்டியாக' என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. பெரிய பேன்கள் செத்துவிட்டன, ஈர்கள் சாகவில்லை. பெர்மெத்ரின் பேனைக் கொல்லும், ஆனால் ஓட்டுக்குள் இருப்பதை முழுவதும் கொல்லாது. ஈர் பொரிக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள். பொரித்த குஞ்சு முட்டையிடும் பருவத்துக்கு வர இன்னும் 9 முதல் 12 நாள். எல்லாம் பொரித்த பிறகு, எதுவும் முட்டையிடுவதற்கு முன்னால், அதாவது முதல் முறைக்குப் பின் 9ஆம் நாள் வாக்கில் மருந்தை இரண்டாம் முறை போட வேண்டும். உங்களுக்குத் தவறிப்போனது இதுதான்.

கண்டிஷனரும் கெடுத்திருக்கிறது. இந்த மருந்து முடியில் ஒட்டி நின்று, பிறகு பொரிக்கும் குஞ்சுகளையும் தாக்க வேண்டும். கண்டிஷனர் முடிமேல் படலம் போட்டு அதை ஒட்டவிடாது. ஆகவே, இந்த முறை சாதாரண ஷாம்பு போட்டு அலசி, துண்டால் ஈரம் ஒற்றியெடுங்கள். மருந்தைக் காதுக்குப் பின்னும் பிடரியிலும் வேர்க்கால் நனையத் தடவி, 10 நிமிடத்தில் கழுவுங்கள். அதிக நேரம் ஊறவிட்டால் அதிகப் பலன் என்று எண்ண வேண்டாம். அடுத்த இரண்டு நாள் தலைக்குக் குளிப்பாட்டாதீர்கள். 9ஆம் நாள் மறுபடியும் இதே போல.

நடுவே பேன் சீப்பை விட்டுவிடாதீர்கள். மருந்துக்குச் சமமான வேலை அது. பல் நெருக்கமான உலோகச் சீப்பு நல்லது. சிக்கெடுத்த ஈர முடியை விரல் அகலத்துக்குப் பிரித்து, தோலைத் தொட்டபடி ஆரம்பித்து நுனிவரை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் தாளில் துடைத்துப் பாருங்கள். நீள முடிக்கு அரை மணி நேரம்கூட ஆகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்யுங்கள்.

வெள்ளையாக ஏதாவது தெரிந்தாலே பயப்பட வேண்டாம். உதறினால் விழுவது பொடுகு. முடியோடு ஒட்டி, நகத்தால் உருவினாலும் நகராதது ஈர். அதுவும் தோலிலிருந்து 1 செ.மீ.க்கு மேல் தள்ளி இருந்தால் பெரும்பாலும் பொரித்துப்போன வெறும் ஓடுதான். அதற்காக மருந்து போடாதீர்கள். உயிருள்ள பேன் தெரிந்தால் மட்டுமே மருந்து.

வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பாருங்கள். முதல்முறை பேன் பிடித்தவருக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். 'எனக்கு அரிக்கவில்லை' என்பதை நம்ப முடியாது. மகளோடு ஒரே படுக்கையில் தூங்குபவருக்கு மட்டும், பேன் தெரியாவிட்டாலும், சேர்த்தே மருந்து போடுவது நல்லது. பேன் குதிக்காது, பறக்காது; தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து ஏறும். தலையை விட்டு விழுந்தால் ஓரிரு நாளில் செத்துவிடும். அதனால் வீடு முழுக்க மருந்தடிக்கத் தேவையில்லை. கடைசி இரண்டு நாள் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, சீப்பு இவற்றை 54 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெந்நீரில் போட்டால் போதும்.

அழுக்கால் வருவதல்ல இது. சுத்தமான தலையிலும் ஏறும். மகளைத் திட்டாதீர்கள், பள்ளிக்கும் அனுப்புங்கள். கூட விளையாடும் பிள்ளைகளின் வீட்டில் மட்டும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அங்கிருந்து திரும்பவும் ஏறும்.

மருந்து போட்ட மறுநாளும் பெரிய பேன்கள் சுறுசுறுப்பாக ஓடினால், அவை அந்த மருந்துக்குப் பழகியவையாக இருக்கலாம். அதையே திரும்பத் திரும்பப் போடாமல், டைமெத்திகோன் போன்ற வேறு வகை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சொறிந்த இடத்தில் சீழ், பொருக்கு, காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு மருந்து கூடாது, சீப்பு மட்டுமே.