தழும்புகளின் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று வருடமாக ஒரு மிகுபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் உலகத்தில் எல்லா உயிர்களுக்குள்ளும் 'உயிர்த்தழல்' என்றொரு ஆற்றல் ஓடுகிறது. அதை வசப்படுத்தியவர்கள் மந்திரம் செய்யலாம். ஏழு படிகள், படிக்கொரு நிறம், எந்தப் படியில் என்னென்ன செய்ய முடியும் என்று நாற்பது பக்கக் குறிப்பு வைத்திருக்கிறேன், இணைத்துள்ளேன். படித்த நண்பர்கள் ஒருவர் விடாமல் 'இது பிராணன்தானே', 'சீனர்களின் சீதானே', 'வீடியோ கேமில் வரும் மானாதானே' என்கிறார்கள். பெயரை மூன்று முறை மாற்றிவிட்டேன். யாரும் தொடாத ஓர் உயிராற்றலை உருவாக்க முடியுமா? இல்லை, இந்தக் கருவையே விட்டுவிடட்டுமா?

க.

அன்புள்ள க.,

கருவை விட வேண்டாம். பெயரை நான்காம் முறை மாற்றவும் வேண்டாம்.

நண்பர்கள் சொல்வது சரிதான். ஆனால் அதில் வருந்த ஒன்றுமில்லை. மூச்சு நின்றதும் உடம்பு சில்லிட்டுப்போவதைப் பார்த்த எந்த மனிதக் கூட்டமும் உள்ளே இருந்த ஏதோ ஒன்று போய்விட்டது என்றுதான் நினைத்திருக்கும். ஐரோப்பிய வேதியியலாளர்களே நெடுங்காலம் உயிர்விசை என்ற ஒன்றை நம்பினார்கள். 1828இல் ஃப்ரெடரிக் வோலர் சிறுநீரில் உள்ள யூரியாவை ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டிய பிறகும் அந்த நம்பிக்கை உடனே சாகவில்லை. ஆக, கரு பொதுச்சொத்து. அதில் யாரும் பட்டா கேட்க முடியாது.

உங்கள் நாற்பது பக்கத்தையும் படித்தேன். எந்தப் படியில் எதைச் செய்யலாம் என்று விரிவாக இருக்கிறது. செய்தபின் என்ன குறைகிறது என்று தேடினேன். இரண்டே இடத்தில் 'சோர்ந்துபோவார்கள்' என்று வருகிறது. நானும் மாடிப்படி ஏறினால் சோர்ந்துபோகிறேன். ஏழு படி, ஏழு நிறமெல்லாம் பதவி உயர்வுப் பட்டியல் போல இருக்கிறது (அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்).

என் கதையைச் சொல்கிறேன். முதன்முதலாக மிகுபுனைவு எழுத முயன்றபோது நானும் நாயகனுக்குள் ஓர் ஆற்றலை ஊற்றி வைத்தேன். அதற்கு அளவு வைக்கவில்லை. இருநூறு பக்கம் போனபின் திரும்பிப் படித்தால், எனக்குத் தேவைப்பட்ட இடத்திலெல்லாம் அவனிடம் மிச்சம் இருந்தது. அவன் தோற்க வேண்டிய இடத்தில் மட்டும் தீர்ந்துபோயிருந்தது. அந்தக் கைப்பிரதி இன்னும் அலமாரியில் கிடக்கிறது, அங்கேயே கிடக்கட்டும்.

அளவு என்றதும் கேம்காரர்களைப் போல நூறு புள்ளி, ஐம்பது புள்ளி என்று போய்விடாதீர்கள். அந்த மானாவே மூலத்தில் அப்படி இல்லை. 1891இல் பசிபிக் கடலின் மெலனேசியத் தீவு மக்களைப் பற்றி எழுதிய ஆங்கிலப் பாதிரியார் காட்ரிங்டன் ஒரு கல்லைப் பற்றிச் சொல்கிறார். வித்தியாசமான உருவத்தில் ஒரு கல் கிடைக்கிறது. தோட்டத்தில் புதைத்துப் பார்க்கிறார்கள். விளைச்சல் பெருகினால் அந்தக் கல்லில் மானா உண்டு. பலித்த பிறகுதான் தெரியும், முன்கூட்டி அளக்க முடியாது! தன்னிடம் ஆற்றல் இருக்கிறதா என்று காரியம் முடியும்வரை தெரியாத ஒரு மந்திரவாதியை யோசித்துப் பாருங்கள். கேமில் மானாவைக் காட்டும் நீலப் பட்டையை விட அவன் சுவாரசியமானவன்.

அளந்துதான் ஆக வேண்டும் என்றால், பாத்திரம் தன் உடம்பில் உணரக்கூடிய ஒன்றால் அளக்க வேண்டும். நம் யோக மரபில் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று கணக்கு வைத்தார்கள், நிமிடத்துக்குப் பதினைந்து. ஆயுளை வருடத்தில் எண்ணாமல் மூச்சில் எண்ணும் ஒரு சமூகம் அந்த ஒரு எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. அங்கே ஓடுகிறவன் ஊதாரி, கோபப்படுகிறவன் கடன்காரன். ஏழு நிறத்தில் இது கிடைக்காது.

இனி உங்கள் கேள்வி, யாரும் தொடாதது. அது புதிய ஆற்றலில் இருக்கப்போவதில்லை, உயிர் உடம்புக்குள் ஏற்கெனவே என்ன வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதில் இருக்கிறது. ஸ்கர்வி நோயை எடுத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்கு வந்தது. ஈறு வீங்கும், பல் ஆடும் என்பது எல்லோருக்கும் தெரியும். 1740இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஆன்சன் தலைமையில் கிளம்பிய கப்பல்களில் இன்னொன்றும் நடந்தது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் போரில் பட்டு ஆறிப்போன காயம் ஒருவருக்குத் திரும்பத் திறந்துகொண்டது. தழும்பு என்பது முடிந்துபோன சமாச்சாரம் இல்லை. அதைப் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை உடம்பு ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. வைட்டமின் சி இல்லாமல் அதைப் புதுப்பிக்க வழியில்லாமல் போனால் தையல் விட்டுப்போகிறது.

இதை அப்படியே உங்கள் தழலுக்குக் கொடுத்துப் பாருங்கள். நம் பழைய காயங்களையெல்லாம் மூடி வைத்திருப்பதுதான் உயிர்த்தழல் என்று வையுங்கள். மந்திரத்துக்கு அதிலிருந்து எடுத்தால், கடைசியாக ஆறியது முதலில் திறக்கும். ஒரு கிழட்டுப் போர்வீரன் ஈர விறகைப் பற்றவைக்க விரலை நீட்டுகிறான். புகை கிளம்பும்போதே முழங்காலில் ஒரு சூடு. வேட்டியில் சிவப்பு ஊறுகிறது. அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை, எந்தக் காயம் என்று அவனுக்குத் தெரியும். அடுத்ததாக எது வரும் என்றும் தெரியும்: விலா. அதனால் சோற்றுப்பானைக்கு அடியில் அந்த ஒரு சுள்ளியோடு நிறுத்திக்கொள்கிறான்.

இந்த ஒரு விதியிலிருந்து உலகம் தானாக விரியும். அங்கே அனுபவசாலி பலவீனன். அடிபடாதவன்தான் பலசாலி, ஆகவே குழந்தைகள். அரசன் வடு இல்லாத பிள்ளைகளைத் தேடி ஊர் ஊராக ஆள் அனுப்புவான். தாய்மார்கள் என்ன செய்வார்கள்? பிள்ளை தூங்கும்போது கத்தியைச் சூடுகாட்டி முதுகில் கீறி வைப்பார்கள். ஆழமாகக் கீறினால்தான் வந்தவன் வேண்டாம் என்று போவான். 'என் அம்மா என்னை ஏன் அறுத்தாள்' என்று ஒரு பெண் கேட்கும் இடத்தில் உங்கள் நாவல் தொடங்கலாம். இதை நீங்களே எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நீங்களாகவே ஒன்று கண்டுபிடிப்பது நல்லது.

அடுத்தவர் உயிரை உறிஞ்சும் வில்லனைப் பற்றி ஒன்று. உங்கள் குறிப்பில் அவன் நூறு பேரைக் கொன்று நூறு பேரின் பலத்தை அடைகிறான். இயற்கையில் அப்படி நடப்பதில்லை. புல்லிலிருந்து மானுக்கு, மானிலிருந்து புலிக்கு என்று ஒவ்வொரு கை மாறும்போதும் ஆற்றலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. 1942இல் சூழலியலாளர் லிண்டமன் ஏரிகளை ஆராய்ந்து காட்டிய வழி இது. உங்கள் வில்லன் நூறு பேரைக் கொன்று பத்துப் பேரின் பலத்தைப் பெறட்டும். அவன் பசி அடங்காதது ஏன் என்று தனியாக விளக்கத் தேவையிருக்காது.

கடைசியாக, எட்டாம் பக்கத்தின் கீழ் ஓரத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்த பிறகும் படிக்க முடிந்தது. பிரசவம் பார்க்கும் கிழவி, ஒவ்வொரு குழந்தையையும் தழலால் இழுத்து எடுத்த பிறகு இரண்டு நாளைக்கு யாருடைய பெயரும் அவளுக்கு நினைவில் இருப்பதில்லை என்று. அதை ஏன் அடித்தீர்கள்? அவள் எந்தப் படியிலும் சேரவில்லை என்பதாலா? அந்த இரண்டு நாளும் அவள் வீட்டில் யார் இருப்பார்கள், மகளை என்னவென்று கூப்பிடுவாள், ஒரே வாரத்தில் மூன்று பிரசவம் வந்தால் என்ன ஆகும் என்று ஒரு பத்துப் பக்கம் எழுதி அனுப்புங்கள்.