நுகர்வோர் கேள்வி-பதில்: வெளிநாட்டுப் படிப்புக்கு யாரிடம், எதற்காகப் பணம் கட்டுவது?

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருட முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்கவிருக்கிறார். மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு முகவர், ஆறு இலட்சம் ரூபாய் கட்டினால் அனுமதிக் கடிதம், வங்கியில் காட்டவேண்டிய பணம், வீசா எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். கடவுச்சீட்டையும் மூலச் சான்றிதழ்களையும் முன்கூட்டியே ஒப்படைக்கவேண்டுமாம். பற்றுச்சீட்டைப் பிறகு தருவாராம். கொடுக்கலாமா?
- ஒரு தந்தை, களுவாஞ்சிக்குடி

பதில்: இந்த நிபந்தனைகளில் கொடுக்கவேண்டாம். முதலில் அந்த ஆறு இலட்சம் எதெதற்கு என்று பிரித்து, எழுத்தில் தரும்படி கேளுங்கள். கற்கைநெறிக் கட்டணத்தின் முற்பணம் பல்கலைக்கழகத்துக்குரியது. அதை உங்கள் வங்கியூடாக, மகனின் மாணவர் இலக்கத்தைக் குறிப்பிட்டு, நேரடியாகப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே அனுப்பலாம். வீசாக் கட்டணமும், அங்குள்ள அரச மருத்துவச் சேவையைப் பயன்படுத்துவதற்கான சுகாதார மேலதிகக் கட்டணமும் பிரித்தானிய அரசுக்குரியவை. விண்ணப்பத்தை நிரப்பும்போது இணையத்திலேயே அவற்றைக் கட்டிவிடலாம். சுகாதாரக் கட்டணம் மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண். பன்னிரண்டு மாதப் படிப்புக்குப் பொதுவாகப் பதினாறு, பதினேழு மாத வீசா கிடைப்பதால், மீதி மாதங்களுக்கான அரை ஆண்டுக் கட்டணமும் சேர்ந்து மொத்தம் 1,164 பவுண் வரும். வீசா மறுக்கப்பட்டால் இந்தத் தொகை திரும்பி வரும். வீசாக் கட்டணம் வராது. இவற்றைக் கழித்தபின் மிஞ்சுவதே முகவரின் சேவைக் கட்டணம். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தாம் சேர்த்துக்கொள்ளும் மாணவருக்காக முகவருக்குத் தரகுப் பணம் கொடுக்கின்றன என்பதையும், எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று அவர் சொல்வதில் அந்தத் தரகுக்கும் பங்கிருக்கலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

அவர் உண்மையான பிரதிநிதியா என்பதை அறிய, பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்திலுள்ள முகவர் பட்டியலைப் பாருங்கள். இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். சுவரில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தொங்குவதைக் கண்டு நம்பிவிடுவோர் நம் பக்கத்தில் பலர். அந்தப் பத்திரம் வேலைக்கு ஆள் அனுப்புவதற்கானது. மாணவர் அனுமதிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வங்கிப் பணத்தைத் 'தானே காட்டுவதாக' அவர் சொல்வதுதான் இதில் மிகவும் ஆபத்தானது. 2025 நவம்பர் 11 முதல், வாழ்க்கைச் செலவுக்கென லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண், லண்டனில் 1,529 பவுண் வீதம், அதிகபட்சம் ஒன்பது மாதங்களுக்குக் காட்டவேண்டும். உங்கள் மகனுக்கு அது 10,539 பவுண். அத்துடன் இன்னும் கட்டாத கற்கைக் கட்டணமும் சேரும். இந்தத் தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்கவேண்டும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் மறுக்கப்படலாம். கணக்கு மகனுடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்கலாம். மாமா, சித்தப்பா கணக்கு செல்லாது. வேண்டியபோது எடுக்கக்கூடிய நிலையான வைப்பை ஏற்பார்கள். நகையும் காணி உறுதியும் பணமாகக் கருதப்படமாட்டா. ரூபாவின் பெறுமதி விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதத்தில் கணிக்கப்படுவதால், கணக்கைச் சரியாகத் தொகையின் விளிம்பில் நிறுத்தாமல் சற்று மேலதிகமாக வைத்திருப்பது புத்திசாலித்தனம். யாரோ ஒருவரின் பணத்தைச் சில வாரங்களுக்கு வட்டிக்கு வாங்கிக் காட்டுவதும், போலி வங்கிக் கூற்று தயாரிப்பதும் வேறு விடயம். ஏமாற்றியதாகத் தீர்மானிக்கப்பட்டால் பத்து வருடங்கள் வரை வீசா மறுக்கப்படலாம். போலி ஆவணத்தால் வீசா கிடைக்காமற்போனால் முற்பணத்தைத் திருப்பித் தருவதில்லை என்று பல பல்கலைக்கழகங்கள் தம் விதிகளில் எழுதியே வைத்திருக்கின்றன. முகவர் தப்பித்துக்கொள்வார், பத்து வருடம் இழப்பது மகன்தான்.

கடவுச்சீட்டையும் மூலச் சான்றிதழ்களையும் பிணைபோல வைத்திருக்க முகவருக்கு உரிமையில்லை, பிரதிகள் போதும். சேவைக் கட்டணம் கொடுப்பதாயின் வங்கி மூலம் கொடுத்து, வீசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பிணக்கு வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்து மூலமாக, சேவை பெற்று மூன்று மாதங்களுக்குள் கொடுக்கவேண்டும். திட்டமிட்ட மோசடி என்றால் பொலிஸ் நிலையத்துக்கே செல்லுங்கள்.

கேள்வி: செப்டம்பரில் இங்கிலாந்து செல்லவேண்டும். காசநோய்ப் பரிசோதனைக்கு இங்குள்ள அரச வைத்தியசாலையில் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே போதுமா? கல்விச் சான்றிதழில் என் பெயர் ஒருவிதமாகவும் கடவுச்சீட்டில் வேறுவிதமாகவும் இருக்கிறது.
- ஒரு மாணவி, சம்மாந்துறை

பதில்: போதாது. ஆறு மாதங்களுக்கு மேல் தங்குவோர் பிரித்தானியா அங்கீகரித்த நிலையத்திலேயே பரிசோதனை செய்யவேண்டும். இலங்கையில் அது கொழும்பில், புலம்பெயர்தலுக்கான சர்வதேச அமைப்பு நடத்துவது. சான்றிதழ் ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாகும். எக்ஸ்ரேயில் சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனை முடிவுக்கு எட்டு வாரங்கள் வரை காத்திருக்க நேரிடும் என்பதால், செப்டம்பர் பயணத்துக்கு மே மாதமே முன்பதிவு செய்துகொள்வது நல்லது. வீசாவுக்குக் கைவிரல் அடையாளம் கொடுக்கும் நிலையமும் கொழும்பில்தான் உள்ளது. உங்களைச் சேர்த்துக்கொள்வதை உறுதிசெய்து பல்கலைக்கழகம் தரும் பத்திரம் (CAS) கைக்கு வருமுன் அங்கு போய்ப் பயனில்லையாதலால், அம்பாறையிலிருந்து குறைந்தது இரண்டு பயணங்களுக்குச் செலவு ஒதுக்குங்கள்.

பெயர் வேறுபாடு நம் மாவட்டத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான தலையிடி. எழுத்துக்கூட்டல் வேறுபாடு மட்டும் என்றால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே அனுப்பி அவர்களின் சம்மதத்தைப் பெறுங்கள். உயர்தரச் சான்றிதழை ஆங்கிலத்தில் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளம் மூலம் பெறலாம். பெற்றோரின் கணக்கைக் காட்டுவதானால், தமிழில் உள்ள பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் அத்தாட்சி முத்திரையை இங்கிலாந்து மாணவர் வீசாவுக்குப் பொதுவாகக் கேட்பதில்லை. அதற்கென்று யாராவது தனிக் கட்டணம் கேட்டால், எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: மகள் கனடா செல்கிறாள். ரைஸ் குக்கர், மடிக்கணினி எல்லாம் இங்கேயே வாங்கிக் கொடுக்கலாமா?
- ஒரு தாய், அக்கரைப்பற்று

பதில்: ரைஸ் குக்கர் வேண்டாம். நமது மின்சாரம் 230 வோல்ட், கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். இங்கே வாங்கிய குக்கர் அங்கே சோற்றை வேகவைக்காது, பிளக்கை மட்டும் மாற்றியும் பயனில்லை. இங்கிலாந்துக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கும் 230 வோல்ட், நம் சதுரக் கால் பிளக்கே அங்கும் பொருந்தும். மடிக்கணினியின் சார்ஜரில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் எங்கும் இயங்கும். ஆனால் விற்பனையாளரின் உத்தரவாதம் இலங்கைக்குள் மட்டுமா, கனடாவிலுள்ள சேவை நிலையத்திலும் செல்லுமா என்று கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். பவர் பேங்கைக் கைப்பையிலேயே கொண்டுசெல்லவேண்டும். கருவாடு, நெய், பலகாரம் எதுவானாலும் கனடாவில் இறங்கியதும் சுங்கத்திடம் அறிவிக்கச் சொல்லுங்கள். மறைத்தால் தண்டப்பணம் கட்ட நேரிடும்.