உங்கள் கேம்பெயினில் இது எந்த வருஷம்? – வாசகர் கேள்வி பதில்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் டேபிள்டாப் ரோல் பிளேயிங் விளையாட்டுகளுக்கென்று அச்சாகி வரும் உலகங்களில் கதை ஒரே இடத்தில் நிற்பதில்லை. புத்தகத்துக்குப் புத்தகம் பதிப்பகமே அதை நகர்த்துகிறது: ஒரு ராஜா சாகிறார், ஒரு நாடு அழிகிறது, அடுத்த எடிஷனில் (விதிகளின் புதுப் பதிப்பில்) அதுவே வரலாறாகிவிடுகிறது. மெட்டாபிளாட் எனப்படும் இந்த ஓட்டத்தைப் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. (பல அமர்வுகளாக நீளும் ஒரே ஆட்டம்தான் கேம்பெயின், அதில் ஒரு அமர்வு செஷன்.)

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில் முதல்முறையாக டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஆகப்போகிறேன். 1987-ல் வந்த சாம்பல் நிறப் பெட்டி, மூன்றாம் எடிஷன் புத்தகம், ஐந்தாம் எடிஷன் புத்தகம் எல்லாம் கையில் இருக்கின்றன. ஒன்றில் உயிரோடு இருக்கும் கடவுள் இன்னொன்றில் இறந்துவிட்டார். எதை நம்புவது?

எல்லாமே சரிதான், வருஷம்தான் வேறு. சாம்பல் பெட்டி, அந்த உலகத்தின் நாள்காட்டியான டேல் ஆண்டுக் கணக்கில், 1357-ல் நிற்கிறது. 2001-ல் வந்த மூன்றாம் எடிஷன் புத்தகம் 1372-ல். 2008-ல் நான்காம் எடிஷன் ஒரே தாவாக 1479-க்குப் போய்விட்டது. ஐந்தாம் எடிஷன் சாகசங்கள் 1490-ஐ ஒட்டி நடக்கின்றன.

மந்திர தேவதை மிஸ்ட்ராவையே பாருங்கள். 1357-ல் இருப்பவள் பழைய மிஸ்ட்ரா. மறுவருஷம் கடவுள்கள் அத்தனை பேரும் மண்ணுக்குத் தள்ளப்பட்ட 'டைம் ஆஃப் டிரபிள்ஸ்' காலத்தில் அவள் அழிகிறாள். மிட்நைட் என்ற மந்திரக்காரி அந்தப் பீடத்தில் ஏறி அதே பெயரைச் சூடிக்கொள்கிறாள். 1385-ல் சிரிக் என்ற கடவுள் இந்தப் புது மிஸ்ட்ராவைக் கொல்ல, மந்திரத்தைத் தாங்கியிருந்த கட்டமைப்பே சிதறி 'ஸ்பெல்பிளேக்' என்ற மந்திரப் பேரழிவு பரவுகிறது. ஐந்தாம் எடிஷனில் மிஸ்ட்ரா திரும்ப இருக்கிறாள். உங்கள் ஆட்டக்காரர் ஒருவர் மிஸ்ட்ராவின் கிளெரிக்காக (பூசாரியாக) வர ஆசைப்பட்டால், 1372-ல் சிக்கல் இல்லை. 1479-ல் அவர் கும்பிடுவது செத்துப்போன தெய்வத்தை. ஹால்ருவா நாடும் இப்படித்தான். ஸ்பெல்பிளேக்கில் அழிந்தது, ஐந்தாம் எடிஷனில் வரைபடத்துக்குத் திரும்பிவிட்டது.

ஆகவே முதல் செஷனுக்கு முன்பே ஒரு தேதியை முடிவு செய்து ஆட்டக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். அதற்கு முந்தி அச்சில் இருப்பதெல்லாம் நடந்தவை. பிந்தி இருப்பது எதுவும் இன்னும் நடக்கவில்லை, நடந்தே தீரவேண்டிய கட்டாயமும் இல்லை. தேதிக்குப் பொருந்தும் ஒரே புத்தகத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்றவற்றிலிருந்து ஊர், தெரு, சத்திரம், காட்டுப்பாதை என்று தாராளமாக எடுக்கலாம். அப்படி எடுக்கும்போது ஆள்பவர் யார், எல்லை எங்கே, அங்கே கும்பிடும் கடவுள் இருக்கிறாரா, இந்த மூன்றை மட்டும் சரிபார்த்தால் போதும். மனிதர்களின் வயதையும் ஒருமுறை கணக்குப் போடுங்கள். 1372-க்கும் 1479-க்கும் நடுவே 107 வருஷம். பழைய புத்தகத்தில் உள்ள மனித என்பிசிகளில் (டிஎம் ஆட்டுவிக்கும் பாத்திரங்களில்) அநேகமாக எவரும் மிஞ்சமாட்டார்கள், நீண்ட ஆயுள் உள்ள எல்ஃப்கள் இருப்பார்கள். 2008-ல் பல டிஎம்கள் கொதித்துப்போனதற்கு இந்தத் தாவல் ஒரு முக்கியக் காரணம். வருஷக்கணக்காகச் சேர்த்த குறிப்புகள் ஒரே புத்தகத்தால் பழங்கதையாகிவிட்டன.

கேள்வி: கதையை ஏன் இப்படிக் கலைத்துப் போடுகிறார்கள்?

இந்த உலகங்களில் நடக்கும் நாவல்களின் விற்பனை ஒரு காரணம், புதுப் புத்தகம் விற்கவேண்டியது இன்னொன்று. ஆனால் பெரிய அழிவுகள் பெரும்பாலும் விதிகள் மாறும் நேரத்தில்தான் வருகின்றன. 1989-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அப்போதைய வடிவமான ஏடி&டி இரண்டாம் எடிஷன் அசாசின் என்ற கொலையாளிப் பாத்திர வகையை நீக்கியது. உடனே கதையிலும் டைம் ஆஃப் டிரபிள்ஸ் சமயத்தில் அசாசின்கள் கூண்டோடு செத்துப்போனார்கள். 2008-ல் மந்திர விதிகள் அடியோடு மாறின, ஸ்பெல்பிளேக் வந்தது. உங்கள் மேசையில் இந்தச் சடங்கு தேவையே இல்லை. விதி மாறினால் விதியை மாற்றிக்கொண்டு ஆடுங்கள், உலகத்தில் யாரும் சாகவேண்டாம்.

கேள்வி: அதிகாரப்பூர்வப் பெரிய சம்பவத்தை ஆடவைத்தால் என் ஆட்டக்காரர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுகிறார்கள். எங்கே தப்பு?

பல நேரம் தப்பு புத்தகத்திலேயே இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இன்னொரு உலகமான டார்க் சன்னின் முதல் சாகசமான 'ஃப்ரீடம்' 1991-ல் வந்தது. ஆட்டக்காரர்கள் டைர் நகரத்தில் அடிமைகளாகிச் சிகுராட் என்ற படிக்கோபுரம் கட்டும் வேலையில் மாட்டுகிறார்கள். அருமையான தொடக்கம். ஆனால் உச்சக்கட்டத்தில் மந்திர மன்னன் காலக் மீது ஈட்டியை வீசுவது அந்த உலகத்து நாவலின் நாயகன் ரிகஸ். அரங்கத்தில் சனங்களோடு சனங்களாக உயிர் பிழைப்பதுதான் ஆட்டக்காரர்களுக்கு மிச்சம்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, ஈட்டியை ஆட்டக்காரர் கையில் கொடுத்துவிடுவது. குறி தப்பினால் காலக் பிழைக்கட்டும். அதற்கு நீங்கள் தயாராக இருக்கவேண்டும், இல்லையென்றால் கொடுக்கவே கூடாது. இரண்டாவது, சம்பவத்தை மேடைக்கு வெளியே நடத்திவிட்டு, அது விட்டுச்செல்லும் பிரச்சினைகளை ஆட்டமாக்குவது. காலக் செத்த மறுநாள் காலையில் இரும்புச் சுரங்கம் யார் கையில்? விடுதலையான அடிமைகளுக்குச் சாப்பாடும் தண்ணீரும் யார் தருவது? பக்கத்து நகர மன்னர்கள் எப்போது படையோடு வருவார்கள்?

இரண்டாவது வழியை அச்சிலேயே மிக நன்றாகச் செய்துகாட்டியது ஷேடோரன் என்ற விளையாட்டு. டங்கல்ஸான் என்ற டிராகன் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்து, 2057 ஆகஸ்ட் 9-ல் பதவியேற்ற இரவே குண்டுவெடிப்பில் இறந்துபோகிறது. அந்தச் சாவை யாரும் தடுக்கமுடியாது, ஆனால் யாரும் உட்கார்ந்து பார்க்கவும் வேண்டியதில்லை. அடுத்து வருவது டிராகனின் உயில். யார் யாருக்கு என்ன கொடுக்கவேண்டும், யாரைக் கண்டுபிடிப்பவருக்கு என்ன பரிசு என்று வரிக்கு வரி ஒரு வேலை இருக்கிறது. ஒரு வரியை எடுத்தால் இரண்டு மூன்று செஷன் ஓடும். மெட்டாபிளாட் எழுதினால் இப்படி எழுதவேண்டும்.

கேள்வி: வேம்பயர்: தி மாஸ்க்கரேடில் என் தோழி ரவ்னோஸ் என்ற வேம்பயர் குலத்துக் கேரக்டர் ஆடுகிறாள். 1999-ல் அந்தக் குலமே அழிந்ததாகப் புத்தகம் சொல்கிறதே?

'வீக் ஆஃப் நைட்மேர்ஸ்' அது. குலத்தின் மூதாதை வங்கதேசத்தில் விழித்தெழுகிறது. வாரக் கடைசியில் ரவ்னோஸ் ஒருவரை ஒருவர் கொன்று தீர்த்திருக்கிறார்கள். இதை முன்னறிவிப்பில்லாமல் தோழியின் மேல் போடவே போடாதீர்கள். கேம்பெயின் 1999-ஐத் தொடுவதற்கு முன்னால் அவளிடம் நேரடியாகக் கேளுங்கள்: வாரம் நடக்கவே வேண்டாமா, அல்லது பிழைத்த சிலரில் ஒருத்தியாக இருக்கச் சம்மதமா? சம்மதம் என்றால் அந்த ஒரு வாரத்தை முழு செஷனாக அவளை மையமாக வைத்து ஆடுங்கள். ஐந்தாம் எடிஷனில் பதிப்பகமே ரவ்னோஸை 2020-ல் ஆடக்கூடிய குலமாகத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது.

கேள்வி: இந்தத் தொல்லையே இல்லாத உலகம் உண்டா?

எபரான், இதுவும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உலகம்தான். 2004-ல் வெளிவந்தபோது அந்த உலகத்துக் கணக்கில் ஆண்டு 998. அதன்பின் எத்தனை எடிஷன் மாறியும் தொடக்கம் அதே 998. நாவல்களில் நடப்பது விளையாட்டு உலகத்தைக் கட்டுப்படுத்தாது. 994-ல் சையர் நாடு ஒரே நாளில் அழிந்ததற்குக் காரணம் என்ன என்பதை அதிகாரப்பூர்வமாகச் சொல்வதே இல்லை, அந்த ரகசியம் டிஎம்முக்கே. எந்தப் புத்தகத்தை எப்போது வாங்கினாலும் உங்கள் பதில் பொய்யாகாது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதையே சொல்வோம்.

பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டு வேறு ரகம், அதன் உலகம் கோலாரியன். அங்கே நடப்பு வருஷத்தோடு 2700-ஐக் கூட்டினால் கோலாரியன் ஆண்டு, 2019 என்றால் 4719. சாகசத் தொடர்கள் முடிந்துவிட்டதாகவே அடுத்த புத்தகங்கள் எடுத்துக்கொள்ளும். ஒரு தொடரைப் பாதியில் ஆடிக்கொண்டிருப்பவர்கள் புது உலகப் புத்தகத்தைத் திறந்தால் முடிவு கண்ணில் பட்டுவிடும், கவனம்.

கேள்வி: அச்சுச் சாகசத்தில் வரவேண்டிய ஒரு பிரபுவை என் ஆட்டக்காரர்கள் முன்பே கொன்றுவிட்டார்கள். புத்தகத்தைத் தூக்கிப் போடவேண்டியதுதானா?

வேண்டாம். அந்தப் பிரபுவைப் பற்றி மூன்று வரி எழுதுங்கள்: அவருக்கு என்ன வேண்டும், அவர் கையில் என்ன இருக்கிறது, அவரைக் கண்டு யார் பயப்படுகிறார்கள். பிறகு உங்கள் கேம்பெயினில் ஏற்கெனவே முகம் தெரிந்த ஒருவரிடம் அந்த மூன்றையும் ஒப்படையுங்கள். விதவை, தம்பி, கடன் கொடுத்தவர், யாராக இருந்தாலும் சரி. செத்தவருக்கு இரட்டைப் பிறவி என்றோ உயிர்த்தெழுந்தார் என்றோ கொண்டுவந்தால் ஆட்டக்காரர்கள் தங்கள் வெற்றி செல்லாது என்று எடுத்துக்கொள்வார்கள். அதன்பின் சாகசத்தை ஒருமுறை முழுக்கப் படித்து, பழைய பெயர் வரும் இடங்களைப் பென்சிலால் அடித்து மாற்றிவிடுங்கள். பிரபுவின் கடிதம், முத்திரை மோதிரம் போன்று ஆட்டக்காரர் கையில் கொடுக்கும் தாள்கள், பொருள்கள்தான் வழக்கமாக விட்டுப்போகும், அவற்றை முதலில் பாருங்கள்.