1962 ஆகஸ்ட் 16 அன்று தாத்தா எங்கே இருந்தார்?

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களில் பிரெஞ்சுக் குடியுரிமை தேடுபவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. நான் வக்கீல் இல்லை. ஒரு சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீட்டுப் பேரன். எங்கள் வீட்டுக் காகிதங்களைச் சேர்க்க மூன்று வருடம் அலைந்தேன். தெரிந்ததெல்லாம் அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதுதான்.

என் கொள்ளுத்தாத்தா 1910இல் புதுச்சேரியில் பிறந்தவர். மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) எழுதிய பிறப்புப் பதிவு கையில் இருக்கிறது. இது போதாதா? (வில்லியனூர்)

போதாது. அந்தக் காகிதம் அவர் பிரெஞ்சு மண்ணில் பிறந்தார் என்று மட்டும்தான் சொல்கிறது. கதை அதற்குப் பிறகுதான் திரும்புகிறது.

1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படி ஊர் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. இந்தியாவும் பிரான்சும் 1956இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து, அன்று இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தானாகவே இந்தியர்கள் ஆனார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பியவர் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். 'ஒப்சியோன் கொடுத்தார்' என்று பெரியவர்கள் பேசுவது இதைத்தான். கொடுத்தவர்கள் சுமார் ஐயாயிரம் பேர். ஆகவே முதலில் தேட வேண்டியது கொள்ளுத்தாத்தாவின் பிறப்பை அல்ல, 1962-63இல் அவரும் உங்கள் தாத்தாவும் செய்ததை.

தாத்தா ஒப்சியோன் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு அப்போது 19 வயது. அவரும் சேர்ந்துதானே? (முத்தியால்பேட்டை)

இல்லை. தகப்பனாரின் ஒப்சியோன் பதினெட்டு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளைத்தான் சேர்த்துக்கொண்டது. அப்பா தனியாகக் கொடுத்தாரா என்று தேடுங்கள். வீட்டில் காகிதம் இல்லை என்பதால் பதிவே இல்லை என்று ஆகாது. பிரெஞ்சுத் தூதரகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.

எங்கள் தாத்தா ஒப்சியோன் கொடுக்கவே இல்லை. அந்தச் சமயம் வியட்நாமில், சைகோனில் வேலையில் இருந்தார். கதை முடிந்ததா? (காரைக்கால்)

முடியவில்லை, உங்களுக்கு இது நல்ல செய்தி. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கில் ஒன்றில் பிறந்து, அன்றைய தேதியில் இந்தியாவுக்கும் இந்த ஊர்களுக்கும் வெளியே குடியிருந்தவர், இந்தியக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்தால் தவிர, பிரெஞ்சுக்காரராகவே நீடித்தார். நீங்கள் காட்ட வேண்டியது அவர் சைகோனில் 'குடியிருந்தார்' என்பதை. அங்கே பிறந்த அத்தை, சித்தப்பாவின் பிறப்புப் பதிவு, சம்பளச் சீட்டு, தூதரகப் பதிவு, வீட்டு விலாசத்துக்கு வந்த கடித உறைகூட உதவும். ஊருக்கு லீவில் வந்திருந்தார் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். படையில் இருந்தவர் என்றால் பிரான்சில் 'போ' (Pau) என்ற நகரத்து இராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் பாருங்கள்.

இன்னொரு வகை உண்டு, பலருக்குத் தெரியாது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே நம் வழக்கம். பாட்டி கடலூர்க்காரி என்றால் பிள்ளை கடலூரில் பிறந்திருக்கும், வளர்ந்தது புதுச்சேரியில். தகப்பனார் வழியில் பிரெஞ்சுக்காரரான அந்தப் பிள்ளை 'இங்கே பிறந்தவர்' என்ற கணக்கில் வராது. ஒப்பந்தத்தின் அந்தப் பிரிவுகள் அவரைத் தொடவே இல்லை. ஒப்சியோன் இல்லாமலே குடியுரிமை தங்கியது. எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். பாட்டியின் தாய்வீட்டுப் பிரசவம் மூன்று தலைமுறைக்குப் பிறகு பலன் தரும் என்று யார் நினைத்தார்கள்!

பதிவேட்டுப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது என்கிறார்கள். (அரியாங்குப்பம்)

எனக்கும் ஓர் அலுவலகத்தில் இதையே சொன்னார்கள். நான்காவது முறை போனபோது வேறு ஒருவர் இருந்தார், பக்கம் கிடைத்தது. ஆகவே முதலில் இன்னொரு முறை போய்ப் பாருங்கள்.

அப்படியும் இல்லையென்றால், காலனிகளின் பதிவேடுகளுக்கு மூன்றாவது பிரதி எழுதி பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776இலேயே பிரான்சு ராஜா உத்தரவு போட்டிருக்கிறார். அந்தப் பிரதிகள் இப்போது பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் நகரத்தில் உள்ள கடல்கடந்த நாடுகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய ஆண்டுகள் இணையத்தில் இலவசம். ஆண்டுக் கடைசியில் அகரவரிசைப் பட்டியல் இருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள். வெளிநாட்டில் நடந்த பிறப்பு, கல்யாணம் தூதரகத்தில் பதிவாகியிருந்தால் பிரான்சின் நாந்த் நகரத்து மத்தியப் பதிவு அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

தாத்தா பெயர் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. (உழவர்கரை)

எல்லார் வீட்டிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் 'யு' ஒன்று போடும் இடத்தில் பிரெஞ்சுக்காரர் 'ஓ', 'யு' இரண்டும் போடுவார். 'ஜே'க்கு முன்னால் ஒரு 'டி' சேர்ப்பார். சுப்பராயனும் ராஜகோபாலும் இரண்டு பாஷையில் இரண்டு ஆளாகத் தெரிவார்கள். போதாக்குறைக்கு நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயர் ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் குடும்பப் பெயர். 1881 உத்தரவின்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறி, புதிய குடும்பப் பெயர் எடுத்தவர்கள் என்றால், அதற்கு முந்தைய பெயரையும் தேட வேண்டும்.

எழுத்தைத் திருத்தப் போகாதீர்கள். பழைய பதிவைத் திருத்தினால் சந்தேகம்தான் கூடும். பிறந்த தேதி, தாய் பெயர், ஊர் மூன்றும் எல்லாக் காகிதத்திலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு தாளில் அட்டவணை போட்டு, எந்தக் காகிதத்தில் எந்த எழுத்து என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

அப்பாவின் பிறப்பு பதிவாகவே இல்லை. இப்போது உத்தரவு வாங்கிப் பதிந்தால் ஆகுமா? (பாகூர்)

இந்தியாவில் செல்லும். பிரான்சில் பதிவான தேதியைத்தான் முதலில் பார்ப்பார்கள். 1958இல் பிறந்தவருக்கு 2024இல் சான்றிதழ் என்றால் கண்ணை இடுக்குவார்கள். கூடவே ஞானஸ்நானப் பதிவு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு, தாத்தாவின் பென்ஷன் காகிதம் என்று அந்தக் காலத்துச் சாட்சிகளைச் சேர்க்க வேண்டும். தாய்தகப்பன் உறவு பிள்ளைக்கு வயது வருவதற்குள் சட்டப்படி நிலைநாட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும் விதி. கோயில் கல்யாணம் பதிவாகாத வீடுகள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

எல்லாம் இருக்கிறது. ஆனால் அப்பாவும் நானும் பிறந்ததிலிருந்து இந்திய பாஸ்போர்ட்தான். (லாஸ்பேட்டை)

இதற்குப் பதில் சொல்லத்தான் மனசு வரவில்லை. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 30-3ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், முன்னோர் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டு, நீங்களோ, குடியுரிமையைத் தரக்கூடிய தாய்தகப்பனோ பிரெஞ்சுக்காரராக நடத்தப்படவும் இல்லையென்றால், வம்சாவளியை நிரூபிக்கவே இடம் தரமாட்டார்கள். 1962இலிருந்து எண்ணினால் 2012இல் ஐம்பது வருடம் முடிந்துவிட்டது. அப்பாவிடம் பழைய பிரெஞ்சு பாஸ்போர்ட், தூதரகப் பதிவு, பிரெஞ்சுத் தேர்தலில் வாக்களித்த அட்டை ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று பரணைக் கிளறுங்கள். இல்லையென்றால் 21-14ஆம் பிரிவு ஒரு சின்னச் சந்து. அதற்குப் பிரான்சோடு உங்களுக்கே கண்கூடான தொடர்பு வேண்டும்.

ஏஜென்ட் எட்டு லட்சம் கேட்கிறார். 'கேரண்டி' என்கிறார். (பெயர் வேண்டாம்)

கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர் மனு பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போகிறது, அங்கே கேரண்டி கொடுக்க இவர் யார்? ஒரு போலிக் காகிதம் உள்ளே போனால் உங்கள் உண்மைக் காகிதங்களையும் யாரும் நம்பமாட்டார்கள். வெளிநாட்டில் காகிதம் செல்லுபடியாக வைக்கும் அப்போஸ்தில் முத்திரைக்கும் பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்கும் ஆகும் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். கிடைத்துவிட்டால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டிவரும், அதையும் வீட்டில் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.