ஜூரியில் அமர அழைப்பாணை வந்தால்

கேள்வி: சில நாடுகளில் சாதாரணக் குடிமக்களையும் ஜூரியில், அதாவது நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் குழுவில், அமர அழைக்கிறார்களாமே, எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், மறுக்க முடியுமா?

பதில்: இங்கிலாந்தில் 18 முதல் 75 வயது வரையுள்ளவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து அழைப்பாணை அனுப்புகிறார்கள். தக்க காரணமின்றி வராதவர்களுக்கு அபராதம் உண்டு. நோய், முன்பே உறுதியான பயணம் போன்றவற்றைத் தெரிவித்தால் தேதியைத் தள்ளிவைப்பார்களே தவிர, முழுவதுமாக விடுவிப்பது அரிது. அங்கே ஜூரியின் 12 பேரும் ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. நெடுநேரம் கலந்து பேசியும் இணக்கம் வராவிட்டால், 10 பேரின் முடிவை ஏற்க நீதிபதி முன்வரலாம். ஸ்காட்லாந்தில் குற்ற வழக்குக்கு 15 பேர்.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இரு தரப்பு வழக்கறிஞர்களும் அழைக்கப்பட்டவர்களிடம் கேள்விகள் கேட்டு, சிலரைக் காரணம் சொல்லாமலே நீக்கலாம். நடுநிலையாளரைத் தேடும் ஏற்பாடு, தமக்குச் சாதகமானவரைத் தேடுவதாக மாறிவிடுகிறதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஜப்பானில் 2009 முதல் நடைமுறையிலுள்ள முறை சற்றே வேறானது: கடுங்குற்ற வழக்குகளில் பொதுவாக 6 குடிமக்கள் 3 நீதிபதிகளோடு சேர்ந்தமர்ந்து, குற்றம் நடந்ததா என்பதை மட்டுமன்றித் தண்டனையையும் தீர்மானிக்கிறார்கள், அந்த ஆலோசனையில் பேசியதை அவர்கள் ஆயுள் முழுவதும் வெளியிடக் கூடாது.

இந்தியாவிலும் முன்பு ஜூரி முறை இருந்தது; ஒரு கொலை வழக்கில் ஜூரி குற்றமற்றவர் என்று சொன்ன கடற்படை அதிகாரி நானாவதியை பம்பாய் உயர் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போயிற்று.