அன்றாட வாழ்விலும் வேலையிலும் பல மொழிகளோடு பழகுவது உங்களுக்கு எப்படி இருக்கிறது?

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் பதினான்கு ஆண்டுகளாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். வீட்டுக்காரர்களில் பலர் சென்னையிலோ மலேசியாவிலோ வசிக்கிறார்கள்; கொத்தனார்கள் உள்ளூர்க்காரர்கள்; கலவை சுமக்கும் இளைஞர்கள் சில ஆண்டுகளாகப் பீகாரிலிருந்து வருகிறார்கள். இவர்களுக்கு நடுவே நின்று நான் கண்டது ஒன்றுதான்: அறவே தெரியாத சொல்லால் சண்டை வருவதில்லை, தெரிந்த சொல்லைப் போலக் காதில் விழும் சொல்லால்தான் வருகிறது.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், பூச்சு வேலை நடந்தபோது, புதிதாக வந்திருந்த இளைஞர் ஒருவர் ஐம்பது வயதைக் கடந்த எங்கள் கொத்தனாரை "பையா" என்று அழைத்தார். இந்தியில் அது அண்ணனைக் குறிக்கும் மரியாதைச் சொல். கொத்தனாருக்கோ, பேரன் வயதுப் பிள்ளை தம்மைப் 'பையா' என்று ஏவுவதாகப் பட்டது. கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு இறங்கிவிட்டார். அன்று மாலையே இன்னொன்றும் நடந்தது. அவர் "கல்லு, கல்லு" என்று செங்கல் கேட்க, அந்த இளைஞர் தலையசைத்துவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார். இந்தியில் 'கல்' என்றால் நாளை. சோம்பேறி என்று கொத்தனாரும், வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டு ஏன் திட்டுகிறார் என்று அந்தப் பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் முகம் வாடி உட்கார்ந்திருந்தார்கள். இருவரையும் அருகில் அமர்த்தி அந்த இரண்டு சொற்களையும் விளக்குவதற்குத் தேநீர் குடிக்கும் நேரம்கூடப் பிடிக்கவில்லை. அதன்பின் யார் புதிதாகச் சேர்ந்தாலும், அண்ணே, கல், போதும், மெல்ல ஆகிய நான்கு சொற்களைச் சொல்லிக் கொடுத்த பிறகே சட்டியைக் கையில் கொடுக்கிறேன். சுண்ணாம்பை மட்டும் சொல்லித்தரத் தேவையில்லை. அவர்கள் 'சூனா' என்பது எங்களுக்கும் புரிந்துவிடுகிறது.

அந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போது, செட்டியார்களின் வட்டிக்கடைகளில் தொழில் பழகும் பெட்டியடிப் பையன்களாகச் சிறு வயதிலேயே கப்பலேறி ரங்கூனுக்குப் போனவர்களின் நினைவு எனக்கு வரும். அவர்கள் கடையில் பர்மியரோடு பர்மிய மொழி பேசினார்கள், பேரேட்டைத் தமிழில் எழுதினார்கள். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது எத்தனையோ பேர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். ஆனாலும் அங்கிருந்து வந்த தேக்குத் தூண்கள் இன்றும் முகப்பில் நிற்கின்றன, கவுனி அரிசி விருந்துகளில் இனிப்பாகப் பரிமாறப்படுகிறது. பீங்கான் பாத்திரத்தை 'மங்கு' என்கிறோமே, அது கிண்ணத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. எங்கள் ஆச்சிமார் யாரும் அதை அயல் சொல்லாக நினைப்பதே இல்லை.

செட்டிநாட்டில் விருந்தினர் படியேறினால் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து "வாங்க" என்று சொல்ல வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் குறையாகப் பேசப்படும். சென்ற தை மாதம் வீட்டுக்கார ஆச்சி மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து இறங்கியபோது, நான் உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகப்பில் சுண்ணாம்புக் கையோடு நின்ற அந்த இளைஞர், யாரும் சொல்லாமலே, "வாங்க ஆச்சி" என்றார். "வந்தேன்ப்பா, நீ எந்த ஊர்ப் பிள்ளை?" என்று கேட்டபடியே ஆச்சி திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.